ஒளிரும் எண்குழாய்: ஒரு கைத்தொழிலின் சரித்திரம்

சென்னையை அடுத்த அண்ணனூரில் மின்வேலை செய்யும் எவருடைய சட்டைப் பையிலும் இருக்கும் டெஸ்டரை வாங்கி, மின்சாரமுள்ள இடத்தில் வைத்து, அதன் கைப்பிடிக்குள் தெரியும் சிறு குமிழை உற்று நோக்கினால், இரண்டு மெல்லிய கம்பிகளின்மேல் செம்மஞ்சள் ஒளி உறைபோலப் படிந்திருப்பதைக் காணலாம். வீட்டு மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவதால் இரு கம்பிகளும் ஒருங்கே ஒளிர்வதாகத் தோன்றுகின்றன. ஒரே திசையில் ஓடும் மின்சாரமாயின், எதிர்மின்வாயாக அமைந்த கம்பி மட்டுமே ஒளிரும். அக்கம்பியை நேராக விடாமல் எண்ணின் வடிவத்தில் அமைத்துவிட்டால் எண்ணே ஒளிரும் என்னும் எளிய கருத்துத்தான், கால்குலேட்டர்களிலும் அளவுகருவிகளிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோலோச்சிய நிக்ஸி குழாயின் அஸ்திவாரம். அது தோன்றி, வழக்கொழிந்து, பின்னர்க் கைத்தொழிலாக மீண்ட வரலாற்றையும், அவ்வரலாற்றில் நம் தென்னாட்டுக்கு உள்ள ஸ்தானத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நியான் வாயுவை 1898இல் லண்டனில் கண்டுபிடித்தவர்கள் வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் என்னும் இருவர். ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவக் கருதிய விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகத்திற்குத் தக்க இடத்தைத் தேர்ந்து கூறுவதற்காக இந்தியாவுக்கு வந்து, பெங்களூரே உகந்தது என்று சொன்னவர் ராம்சே. 1906இல் அக்கழகத்தின் முதல் இயக்குநராக அமர்ந்தவர் டிராவர்ஸ். ஒரு வாயுவைக் கண்டவர்கள் இருவருமே நம் பக்கத்து ஊர் ஒன்றின் விஞ்ஞான வாழ்வில் இடம்பெற்றது விசேஷமே எனினும், அதனால் நியான் தொழில் இங்கே வேரூன்றியது என்று எண்ணிவிடலாகாது. நியான் விளக்கை 1910இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தவர் ஜார்ஜ் கிளாட். டெஸ்டரில் இன்று நாம் காணும் சிறு குமிழின் மூதாதையை 1917இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் டேனியல் மக்ஃபார்லன் மூர்.

எண் வடிவான எதிர்மின்வாய்களை ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் அடுக்கும் யோசனைக்கு 1930களிலேயே ஹான்ஸ் பாஸ்வாவ் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அது விற்பனைச் சரக்கானது, நியூ ஜெர்ஸியில் ஹைடு சகோதரர்கள் நடத்திய குழாய்த் தொழிலகத்தைப் பரோஸ் நிறுவனம் வாங்கி, 1955இல் நிக்ஸியை வெளியிட்ட பிறகே. 1961இல் வெளிவந்த ஆங்கிலேய அனிட்டா மேசைக் கால்குலேட்டரில் இத்தகைய குழாய்களே விடை காட்டின. சோவியத் தொழிற்சாலைகளோ சிக்கனத்தில் ஒரு படி மேலே சென்று, தங்கள் ஐஎன்-12 குழாயில் 2 என்னும் உருவத்தையே தலைகீழாகத் திருப்பி 5 ஆக்கின. கண்ணுக்குச் சற்று உறுத்தினாலும் கணக்குக்குக் குறையில்லை.

இந்தியாவின் நிலையை விளக்க இரண்டு ஆண்டுகளே போதும். 1954இல் பெங்களூரில் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ், வானொலி வால்வு எனும் வெற்றிடக் கண்ணாடிக் குழாயின் உற்பத்தியைத் தொடங்கியது 1961இல். ஜெர்மேனியம் குறைகடத்தி உற்பத்தியைத் தொடங்கியது 1962இல். மேல்நாட்டில் அரை நூற்றாண்டுக் காலம் வால்வே தனித்து ஆண்டு, தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிக் கைவினைஞர்களை வளர்த்துவிட்டிருக்க, இங்கே வால்வும் அதை வீழ்த்தவிருந்த டிரான்சிஸ்டரும் ஓராண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தன. நிக்ஸி போன்ற நுண்தொழில் நம்மிடையே ஒரு பரம்பரையாகப் படியாததற்குத் திறமைக் குறைவைக் காட்டிலும் இந்தக் கால நெருக்கமே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, செய்முறை. மெல்லிய உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துப் பத்து எண்களையும் தனித்தனியே எடுத்து, ஒன்றையொன்று தொடாதபடி இடையே பீங்கான் வளையங்களை இட்டு அடுக்கவேண்டும். முன்னிற்கும் எண் பின்னிற்பதை மிகக் குறைவாக மறைக்கும்படி வரிசை தேர்ந்தெடுக்கப்படுவதால், அடுக்கில் 1, 2, 3 என்ற முறை இராது. எண் மாறுந்தோறும் ஒளி சற்று முன்னும் பின்னும் நகர்வதற்கு இதுவே காரணம். முன்புறத்தில் மெல்லிய வலை நேர்மின்வாயாக நிற்கும். கம்பிகள் கண்ணாடிக்குள் நுழையுமிடத்தில், இரும்பு நிக்கல் கலவையின்மேல் தாமிரம் போர்த்திய டுமெட் கம்பியையே இடுவர். கண்ணாடி விரியும் அளவுக்கே அதுவும் விரிவதால் குளிரும்போது விரிசல் விழாது. பின்னர், குழாயைச் சூடாக்கியவாறே காற்றை உறிஞ்சி, உள்ளிருக்கும் உலோகத்தையும் செந்நிறமாகக் காயவைத்து, அதனுள் ஒளிந்துள்ள வாயுக்களை வெளியேற்றி, சிறிதளவு ஆர்கான் கலந்த நியானைக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பி, வால்போன்ற உறிஞ்சுகுழலைச் சுடரால் உருக்கி மூடுவர். ஏறத்தாழ 170 வோல்ட் கொடுத்தால் எண் சுடர்விடும்.

ஒளிரும் எண்ணிலிருந்து உலோக அணுக்கள் சிதறி, ஒளிராமல் நிற்கும் எண்களின்மேல் படிந்து அவற்றைக் கெடுப்பது இக்குழாயின் பிறவிக் குறை. நிக்ஸி கடிகாரத்தில் மணியின் பத்துகள் இடத்துக் குழாய் 0, 1, 2 தவிர வேறெதையும் காட்டுவதில்லையாதலால், மற்ற எண்கள் கறைபடாதிருக்க, கடிகாரம் செய்வோர் இரவு வேளையில் பத்து எண்களையும் மாறிமாறி எரியவிடுகின்றனர். சிதறலைத் தணிக்கச் சிறிது பாதரசம் சேர்ப்பதும் உண்டு. சில குழாய்களில் நீலச் சாயை தெரிவது அதனால்தான்.

1970களில் எல்இடியும் பிற காட்டிகளும் வரவே, இத்தொழில் மறைந்தது. செக் நாட்டைச் சேர்ந்த டாலிபோர் ஃபார்னி 2010களில் அதை மீட்கப் புகுந்தபோது, ப்ரெசலூபி என்னும் ஊரின் பழைய மாளிகையொன்றில் பட்டறை அமைத்து, கிழக்கு ஜெர்மனியின் பழைய பெருங்குழாயை முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொன்றையும் கையாலேயே செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். காப்புரிமைப் பத்திரங்களில் எழுதப்படாத நுட்பங்கள் பலவற்றைப் பரிசோதித்து, தவறிழைத்து, புதிதாகவே கற்கவேண்டியிருந்தது.

நம் பகுதிக்கு வந்தால், 1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலைக்கோ தகட்டு வேலைக்கோ ஆள் தேட வேண்டியதில்லை. கண்ணாடியைச் சுடரில் வளைத்து, காற்றை உறிஞ்சி, நியான் நிரப்பும் வித்தையைக் கையிற்கொண்டவர்கள் சென்னையின் நியான் விளம்பரப் பலகைக்காரர்கள். எல்இடி பலகைகள் வந்தபின் அவர்களுக்கும் வேலை அருகிவிட்டது. எனினும், அவர்கள் நிக்ஸி செய்யப் புகுந்தாலும் ஓரிடத்தில் தடுமாறவே செய்வர். விளம்பரக் குழாய்க்கு ஒரு முனைக்கு ஒன்றாக இரண்டே மின்வாய்கள். நிக்ஸிக்கோ பத்து எண்களுக்கும் வலைக்குமாகக் குறைந்தது பதினொரு கம்பிகள் ஒரே கண்ணாடி அடியில் காற்றுப் புகாதபடி பதிய வேண்டும், அவற்றுள் ஒன்று கசிந்தாலும் குழாய் முழுவதும் வீண்.