தகரச் சீட்டும் ஒளிநாடாவும்

1905ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியும் மௌனப் படச்சுருள்களும் விலைக்கு வாங்கிக் கூடாரமடித்துப் படங்காட்டத் தொடங்கினார். சலனப்பட வரலாறு எழுதுவோர் இதனைத் தவறாது குறிப்பர். அதற்கு முந்திய ஆண்டில்தான் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதற்கென இலங்கைத் தொழிலாளர் ஆணையம் அமைந்தது. அதன் தலைமை அலுவலகமும் இதே திருச்சியில் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுவோர் அரியர்.

கூடாரத்திலே ஏசுநாதர் வரலாறு ஓடிற்று. ஊரைவிட்டுக் கங்காணியின் பின்னே குழந்தை குட்டிகளோடு ரயிலேறியவர்களுக்கு அந்தத் திரையில் இடமில்லை. குறியெண் பொறித்த தகரச் சீட்டே அவர்களுக்கு அடையாளம்.

படக்கருவி தேயிலை நாட்டுக்குப் பிறகு சென்றது. 1934இல் பாசில் ரைட் எடுத்த ‘சாங் ஆப் சிலோன்’ உலகப் புகழ் பெற்ற ஆவணப்படம். மறுஆண்டே பிரசல்ஸில் முதற்பரிசும் அடைந்தது. அழகிய படம், ஐயமில்லை. ஆனால் அதற்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலை விளம்பர வாரியம். வணிகர்களின் விலை நிலவரம் அதில் குரலாக ஒலிக்கிறது. கொழுந்து பறித்தவளின் குடும்பக் கதை ஒலிக்கவில்லை. பணம் கொடுத்தவர் கேட்க விரும்பியதை அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

நம் சமுதாயத்தாரின் பயணம் பெரும்பாலும் வேறு வகை. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று கடை வைக்கவும் கடையில் வேலை பார்க்கவும் ஆடவர் போயினர்; பெண்கள் ஊரில் இருந்தனர். சபுராளியின் மனைவி என்னும் சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகளின் தனிமை அடங்கியிருக்கிறது! 1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடாவின் வாசல் திறந்தபோது, கடிதத்தோடு ஒலிநாடாவும் பறந்தது. குழந்தையின் மழலையைப் பதிந்து அனுப்பினர். அத்தாவின் குரல் திரும்பி வந்தது. எண்பதுகளில் வீடியோ வந்தது. சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத வீடுகளிலும் அது நுழைந்தது. தங்கையின் நிக்காஹுக்கு வர இயலாத அண்ணன், துபாயிலோ ரியாத்திலோ ஓர் அறையில் பத்துப் பேரோடு அமர்ந்து அந்தத் திருமண நாடாவைப் பார்த்தான். விடுமுறையில் வந்தவர் முக்கொம்புக்குக் குடும்பத்தோடு போனதும், மேலணைக் கரையில் பிள்ளைகள் வெட்கப்பட்டு நின்றதும் அவ்வாறே பதிவாயின. விளம்பர வாரியம் எதுவும் பணம் தராமல், எவருக்கும் எதையும் விற்காமல், பிரிந்து வாழ்ந்த குடும்பம் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட ஆவணப்படங்கள் இவை. வரலாற்றாசிரியர் இவற்றை ஆவணமாக மதிக்காதிருப்பது வியப்பே.

அலமாரியில் கிடக்கும் அந்நாடாக்களில் இப்போது பூஞ்சை படர்கிறது. அவற்றை ஓட்டும் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகள் பழுதாகுமுன் இவற்றைக் கணினிப் பதிவாக்க வேண்டும். ஜமாஅத் மண்டபங்களில் ஒரு மாலை திரையிட்டால், அந்நாளைய முகங்களை அடையாளம் காட்டவல்ல மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்வதையும் உடனிருந்து எழுதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: நாடாவில் இருக்கும் பெண்களிடம் முதலில் அனுமதி கேட்கவேண்டும். அவர்கள் மறுத்தால் அந்த நாடா வீட்டிலேயே இருக்கட்டும்.