இட்டசித்தியும் இணையச் சூதும்

அண்மையில் எம் பள்ளி மாணவரை அழைத்துக்கொண்டு கொடும்பாளூர் சென்றேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அருகே உள்ள சிற்றூர் அது. சிற்றூர்தான், ஆனால் ஒரு காலத்தில் இருக்குவேளிரின் தலைநகர். பூதி விக்கிரமகேசரி என்னும் வேள் பத்தாம் நூற்றாண்டில் எடுத்த மூவர் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. எழுப்பியவை மூன்று, எஞ்சியவை இரண்டு. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே தரையோடு தரையாய்க் கிடக்கிறது.

வேளிர் வரலாற்றை விளக்க வாய் திறந்தேன். அதற்குள் ஒரு சிறுவன் கேட்டான்: "சார், வானதி ஊர் இதுதானே?"

2022இலும் 2023இலும் திரைக்கு வந்த 'பொன்னியின் செல்வன்' படம் கேட்க வைத்த கேள்வி அது! ஆயிரம் ஆண்டுகளாகக் கல் சொல்லிக்கொண்டிருக்கும் செய்தி அவன் செவியில் ஏறவில்லை. மூன்று மணி நேரத் திரை சொன்னது நெஞ்சிலே பதிந்துவிட்டது. சினம் கொண்டேனா? இல்லை. நானும் திரையின் பிள்ளைதான். அந்த உறவின் விலை என்ன என்பதை என் சம்பளப் பணத்தால் அறிந்தவன் நான். அதைத்தான் இங்கே கூற வந்தேன்.

தமிழகத்துத் திரை நாயகனின் வரலாறு வெறும் கேளிக்கையின் வரலாறு அன்று. நம் நினைப்பின் வரலாறு அது. புதுக்கோட்டை மண் ஈன்ற பி.யு.சின்னப்பாவை எடுத்துக்கொள்வோம். 1940இல் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம். 1942இல் 'கண்ணகி'யில் கோவலன். 1944இல் 'ஜகதலப்பிரதாப'னில் விண்ணுலக மகளிரை எல்லாம் மணக்கும் இளவரசன்! அந்நாளின் நாயகன் பெரும்பாலும் அரசகுமாரன். அவன் வெல்வது பிறப்பால், இல்லையேல் வரத்தால்.

பிறகு காட்சி மாறியது. 1949இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. தந்தையை இழந்து தவிக்கும் ஏழை இளைஞன் காளியின் முன்னே கதறுகிறான். கல் அசையவில்லை. அதன் பின் அவன் சிந்திக்கிறான்; திட்டமிடுகிறான்; அறிவாலே வெல்கிறான். வரத்தை நம்பிய நாயகன் போனான். மதியை நம்பிய நாயகன் வந்தான்! 1952இல் 'பராசக்தி', 1954இல் 'மலைக்கள்ளன்', 1958இல் 'நாடோடி மன்னன்' என்று வரிசை நீண்டது. நாடோடி அரியணை ஏறிச் சட்டம் இயற்றினான். கொட்டகையின் மண் தரையிலே அமர்ந்திருந்த உழவன் அதைக் கண்டு நிமிர்ந்தான். எம்.ஜி.ஆர். ஏற்ற வேடங்கள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்பது ரசிகனுக்கு எழுதாச் சட்டமாயிற்று. அந்தப் பிம்பம் ஏழையின் கனவை எப்படி ஆண்டது என்பதை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு நூலாகவே எழுதினார்.

ஆனால் தோழர்களே, அந்த நிமிர்விலேயே ஒரு நஞ்சும் கலந்திருந்தது. நாயகன் தனியன். நூறு பேரை ஒருவனாய் அடிக்கிறான். இடைவேளையில் எல்லாம் இழக்கிறான். இறுதிக் காட்சியில் எல்லாம் பெறுகிறான். இடையே உள்ள உழைப்பு? அது ஒரு பாட்டிலே முடிந்துவிடும்! 1992இல் வந்த 'அண்ணாமலை'யில் பால்காரர் ஒருவர் ஒரு பாட்டுக்குள் பெருஞ்செல்வர் ஆகிறார். 2007இல் வந்த 'சிவாஜி'யில் எல்லாவற்றையும் பறிகொடுத்த நாயகன், கையில் எஞ்சிய ஒற்றை நாணயத்தைச் சுண்டி எறிந்து தன் வழியைத் தீர்மானிக்கிறான். 2011இல் வந்த படத்துக்கோ சீட்டாட்டத்தின் பெயரே தலைப்பு: 'மங்காத்தா'! கதையின் அச்சாணி, கிரிக்கெட் சூதாட்டப் பணம்.

இவற்றையெல்லாம் நான் கொட்டகையில் பார்க்கவில்லை. 2006இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. ஓட்டு வீட்டின் கூடத்திலே நாயகன் நாள்தோறும் வந்து நின்றான். தலையணையை வில்லனாக்கிக் குத்தினேன். நாணயத்தைச் சுண்டினேன். எனக்கு வேண்டியது விழும்வரை சுண்டினேன்!

வளர்ந்தேன், கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றேன், பகுத்தறிவு ஏடுகள் படித்தேன். ராசிபலன் பார்ப்போரைக் கண்டு நகைத்தேன். ஒரு தனியார் பள்ளியில் முதல் சம்பளம் வாங்கிய நாளில், கைபேசியிலே ஓர் இணைய ரம்மிச் செயலியை இறக்கினேன். முதல் இரவு வென்றேன், எண்ணூறு ரூபாய்! அடுத்த இரவு தோற்றேன். 'இது இடைவேளை' என்றது நெஞ்சு. 'இறுதிக் காட்சி இனிமேல்தான்' என்றது விரல். மூன்று மாதச் சம்பளம் போயிற்று. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் கை வைத்த அன்றுதான் விழித்தேன். அம்மா ஒரு சொல்லும் வையவில்லை. "எவ்வளவுப்பா போச்சு?" என்று மட்டும் கேட்டாள். அக்கேள்வி இன்றும் காதிலே ஒலிக்கிறது.

விதியை நம்பாத நான் எப்படி விழுந்தேன்? இதை எண்ணி எண்ணிப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது.

நம் நாட்டுச் சூதின் வரலாற்றில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டம் அதிர்ஷ்டத்தை விற்ற கட்டம். 1968இல் தமிழக அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. தொடங்கியது நம்மவர் ஆட்சிதான், அதை மறைப்பானேன்? இடையிலே நின்றும் மீண்டும் வந்தும் பல குடும்பங்களை உறிஞ்சிய லாட்டரிக்கு 2003இல் தடை விழுந்தது. அந்தச் சீட்டை வாங்கியவன் எண் சாத்திரம் பார்த்தான். சாமி படத்தின் அடியிலே சீட்டை வைத்தான். தன் கையில் ஏதுமில்லை என்பது அவனுக்கே தெரியும்.

இரண்டாம் கட்டம் வேறு. இது திறமையை விற்கும் கட்டம். ரம்மி திறமை மிகுந்த ஆட்டம் என்று 1960களிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் செய்தது. அதுவும் திறமையே என்று 1996இல் அதே மன்றம் தீர்ப்பளித்தது. இணைய நிறுவனங்கள் அச்சொல்லைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டன. 'இது சூதன்று, திறமை!' என்றன. சொன்ன வாய் எது? நாம் சிறுவயதில் கைதட்டிய திரை நட்சத்திரங்களின் வாய்! கிரிக்கெட் வீரர்களின் வாய்! இத்தகைய விளம்பரங்களில் தோன்றியவர்களுக்கு 2020 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறிவிக்கை அனுப்ப நேர்ந்தது.

இங்கேதான் கண்ணி இருக்கிறது. லாட்டரிக்காரன் தன்னை அதிர்ஷ்டசாலி என்று நம்பினான். இணைய ஆட்டக்காரன் தன்னை நாயகன் என்று நம்புகிறான். அதிர்ஷ்டத்தைப் பழிக்கும் பகுத்தறிவாளனும் தன் திறமையைப் பழிக்க மாட்டான். மூட நம்பிக்கை கோயில் வாசலில் மட்டும் குடியிருப்பதில்லை. 'நான் தோற்கப் பிறந்தவன் அல்லன்' என்னும் நெஞ்சிலும் அது குடியிருக்கும்!

திறமை என்றால் என்ன? 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வாகையர் ஆனாரே சென்னை இளைஞர் குகேஷ், அது திறமை. ஆண்டுக்கணக்கான பயிற்சி, கண்முன்னே திறந்து கிடக்கும் பலகை, ஒளித்த சீட்டு ஒன்றுகூட இல்லாத போர்! நள்ளிரவில், முகம் தெரியாதவரோடு, கலைத்தது யார் என்றே தெரியாத சீட்டை வைத்துக்கொண்டு ஆடுவதற்கு அதே பெயரா? அவ்வாட்டத்தில் யார் தோற்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் கழிவு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் மட்டும் தோற்பதே இல்லையே!

சட்டமும் நெடுந்தொலைவு நடந்தது. 2021இல் தமிழகம் கொண்டுவந்த தடைச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2022இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதன் பின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். மன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: திறமையோ வாய்ப்போ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் கூடாது, அதன் விளம்பரமும் கூடாது. நன்று! ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும். கடையைத் தேடும் மனத்தை யார் மூடுவது?

அதற்கு விடை கொடும்பாளூரிலேயே கிடைக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கி நடக்கும்போது, மாங்காட்டு மறையோன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் பாதை சூலம் போல் மூன்றாய்ப் பிரியுமாம். அந்தக் கொடும்பைதான் இந்தக் கொடும்பாளூர் என்பர் அறிஞர். இடப்பக்க வழியில் ஒரு பிலம். உள்ளே மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் நூலறிவு வரும். ஒன்றில் மூழ்கினால் பழம்பிறப்புத் தெரியும். மூன்றாவதன் பெயர் இட்டசித்தி. மூழ்கினால் நினைத்ததெல்லாம் கிடைக்கும்! உழைக்க வேண்டா, ஒரு முழுக்குப் போதும்! இன்றைய விளம்பரத்துக்கும் அதற்கும் எழுத்தளவில்கூட வேறுபாடு உண்டா?

கவுந்தி என்ன செய்தார்? மறுத்தார். வெறுமனே மறுக்கவில்லை; காரணம் காட்டி மறுத்தார். அறிவு வேண்டுமெனில் நூலிலே உண்டு. முன்வினையை அறிய இப்பிறவியே போதும். வாய்மை வழுவாது பிற உயிரைப் பேணுவோர்க்கு அடைய முடியாத பொருள்தான் ஏது என்று கேட்டார். சமண நெறியில் நின்று அவர் சொன்ன காரணம் அனைத்தும் நமக்கு உடன்பாடு ஆகாமல் இருக்கலாம். ஆனால் குறுக்குவழியின் வாயிலில் நின்று, காரணம் கேட்டுத் திரும்பிய அந்தக் கால்கள் நமக்கு வேண்டும். மூவரும் நடு வழியே நடந்தனர். அங்கும் மயக்கம் விடவில்லை. நீருண்ணச் சென்ற கோவலன் முன்னே, மாதவியின் தோழி வடிவில் கானுறை தெய்வம் வந்து நின்றது. தெரிந்த முகம்! விரும்பிய சேதி! ஆயினும் அவன் ஐயுற்றான், மந்திரம் ஓதிச் சோதித்தான், மாயம் கலைந்தது. மந்திரம் காப்பியத்தின் மரபு. அந்த ஐயம் நம்முடையது.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வெற்றியைத்தான் தூண்டில் என்றார், தோல்வியை அன்று! என் எண்ணூறு ரூபாயும் அத்தூண்டிலின் இரைதான்.

நண்பர்களே, நாயகரை வெறுக்கச் சொல்லவில்லை. கொட்டகை இருட்டிலே ஏழைக்கு முதுகெலும்பு தந்தவர் அவர். ஆனால் நம் விரலுக்குப் பின்னே எந்த நாயகன் நிற்கிறான் என்று கேளுங்கள். நாணயத்தைச் சுண்டுகிறவனா? காளியிடம் கதறிக் களைத்த பின் சிந்திக்கத் தொடங்கியவனா? தெரிந்த முகம் வந்து செல்வம் தருகிறேன் என்றால், கோவலனின் ஐயம் உங்களுக்கு வரட்டும்.

மூவர் கோயிலின் மூன்றாம் அடித்தளத்தில் மாணவரை அமர வைத்து இக்கதையைச் சொன்னேன். வானதியைக் கேட்ட சிறுவன் சற்றே எண்ணிவிட்டு வினவினான்: "இட்டசித்திக் குளம் உண்மையா இருந்தா, அந்த ஐயர் ஏன் சார் அதுல முழுகல?"

அவன் தேறிவிட்டான். நாம்?