முரட்டு முடிக்கு எந்த எண்ணெய் சரி? தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் உண்மையில் என்ன செய்கின்றன?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். இந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை. கொப்பரையைக் காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கி, வருஷம் முழுக்க தலைக்கு அதையே தேய்ப்பது பழைய பழக்கம். ஆனால் இப்போது செல்போனைத் திறந்தால் ஆர்கன் எண்ணெய், ஜோஜோபா எண்ணெய், வெங்காய எண்ணெய், ரோஸ்மேரி எண்ணெய் என்று வரிசையாக விளம்பரம். 'அடர்த்தியான, முரட்டுத்தனமான முடிக்கு ஸ்பெஷல்' என்று சொல்லி நூறு மில்லி பாட்டிலுக்கு பல நூறு ரூபாய் கேட்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் எண்ணெய் போதாதா? எது முடிக்கு உள்ளே போகிறது, எது மேலேயே நிற்கிறது? எண்ணெய் தேய்ச்சா முடி வளருமா?

அடர்த்தி வேறு, தடிமன் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'எனக்கு முடி திக்கா இருக்கு' என்று சொல்லும்போது அதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒன்று, தலையில் முடிகளின் எண்ணிக்கை அதிகம். இன்னொன்று, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகப் பருமன். சாதாரணமாக ஒருவர் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கும். ஒரு முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை. தொட்டால் நார் மாதிரி முரடாகத் தெரிவது பெரும்பாலும் அந்த மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் முடி.

ஆனால் முரட்டுத்தனம் பிறவியிலேயே வருவது மட்டும் அல்ல. முடியின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை போல செதில் செதிலாக அடுக்கி இருக்கும். அதற்கு மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. வெயில், சாயம், ஸ்ட்ரெயிட்னிங், கடினத் தண்ணீர், ஓயாமல் இழுத்துச் சீவுவது எல்லாம் சேர்ந்து அந்தப் படலத்தை அழித்துவிடும். செதில்கள் தூக்கிக்கொள்ளும். மெல்லிய முடிகூட அப்போது சொரசொரப்பாகிவிடும்.

முடி மாதத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பு வரை 75 சென்டிமீட்டர் முடி வைத்திருக்கும் ஒரு பெண்ணின் சடை நுனிக்கு வயது ஆறு வருஷத்துக்கும் மேல்! ஆறு வருஷ வெயிலையும் நூற்றுக்கணக்கான தலைக்குளியலையும் பார்த்த முடி அது. எண்ணெய் அதிகம் தேவைப்படுவது அந்த நுனிக்குத்தான். நம்மில் பலர் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெயை வைத்துத் தட்டிவிட்டு, நுனியை மறந்துவிடுகிறோம்.

தேங்காய் எண்ணெய்க்கு என்ன தனிச்சிறப்பு?

இதற்கு ஆய்வு இருக்கிறது. ஆர்த்தி ரெலே, ஆர்.பி.மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தேய்த்து ஒப்பிட்டார்கள். 2003-ல் அழகுசாதன அறிவியல் இதழ் ஒன்றில் முடிவு வெளியானது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அலசும்போதும் சீவும்போதும் அந்தப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கப்படுகிறது. மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் அந்த இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. குளிப்பதற்கு முன் தேய்த்தாலும், குளித்த பின் தேய்த்தாலும் பலன் தெரிந்தது.

காரணம் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி இதுதான். இதன் மூலக்கூறு சின்னது, நேரான சங்கிலி. அதனால் முடியின் செதில்களைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறு வளைந்து இடத்தை அடைக்கும், உள்ளே போவது கஷ்டம். மினரல் ஆயில் பெட்ரோலியத்திலிருந்து வருவது. புரதத்தோடு ஒட்டாது, மேலே வழுவழுப்பாக நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வாளர்கள் பணியாற்றியது மாரிகோ நிறுவனத்தில். பாராசூட் தேங்காய் எண்ணெயை விற்கும் அதே நிறுவனம். அதற்காக முடிவு பொய் என்று ஆகிவிடாது, அது சொல்லும் காரணம் வேதியியல்படி பொருந்தி வருகிறது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

இன்னொரு பலனும் உண்டு. நனைந்தால் முடி சுமார் 15 சதவீதம் வரை தடிமனாக ஊதும், காய்ந்தால் சுருங்கும். இப்படி ஊதிச் சுருங்குவது திரும்பத் திரும்ப நடந்தால் முடி தளர்ந்துபோகும். உள்ளே போன எண்ணெய் தண்ணீர் அதிகமாக நுழைவதைத் தடுக்கிறது. எனவே காய்ந்த முடியில், குளிப்பதற்கு முன்னால் எண்ணெய் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. எண்ணெய் முடிக்கு 'ஈரப்பதம் கொடுக்கிறது' என்று விளம்பரத்தில் வருவது சரியல்ல. எண்ணெயில் தண்ணீரே கிடையாது. அது தண்ணீரின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது.

நல்லெண்ணெய்?

விருதுநகர் மாவட்டத்தில் நல்லெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெயைப் பற்றிப் பேச முடியாது. எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் விருதுநகர். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் வைத்த கணக்கும் நல்லெண்ணெயைச் சுற்றி வந்ததுதான்.

நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலியிக் அமிலங்கள். தேங்காய் எண்ணெய் அளவுக்கு இது முடிக்குள் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் மேல்பரப்பில் படிந்து உராய்வைக் குறைக்கும். முரட்டு முடிக்கு அதுவும் தேவைதான். சடை பின்னும்போது முடிக்கு முடி உரசி அறுவது குறையும். எள்ளில் இருக்கும் செசமால் போன்ற பொருட்கள் எண்ணெய் சீக்கிரம் காறாமல் பார்த்துக்கொள்கின்றன. கார்த்திகை, மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும். நல்லெண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

விளக்கெண்ணெய்: அதிகம் ஆசைப்பட்டால் சிக்கல்

முரட்டு முடி உள்ளவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது விளக்கெண்ணெய். அதில் 85 சதவீதத்துக்கும் மேல் ரிசினோலியிக் அமிலம். அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. முடி உடனே கனமாக, பளபளப்பாகத் தெரியும். 'அடர்த்தி கூடிடுச்சு' என்று தோன்றுவது அந்தப் பூச்சினால். முடியின் எண்ணிக்கை கூடியிருக்காது.

நீள முடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய சம்பவம் ஒன்று, 2017-ல் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் டிரைக்காலஜி என்ற மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நீளமான தலைமுடி கொண்ட ஓர் இளம்பெண் விளக்கெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து தேய்த்து, பிறகு தலையை அலசியிருக்கிறார். முடி முழுவதும் திடீரெனக் குருவிக்கூடு போல இறுகிவிட்டது. பிரிக்கவே முடியவில்லை, முடியை வெட்டத்தான் வேண்டியிருந்தது. அரிதாக நடப்பதுதான். ஆனால் நீளம், அடர்த்தி, பிசுபிசுப்பு, அழுத்தித் தேய்த்து அலசுவது நான்கும் சேரும்போது ஆபத்து கூடுகிறது.

விளக்கெண்ணெய் பிடிக்கும் என்றால் நாலைந்து பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நுனிக்கு மட்டும் போதும். அலசும்போது முடியைச் சுருட்டி உச்சியில் குவித்துத் தேய்க்காமல், தொங்கவிட்டபடியே மேலிருந்து கீழாக அலசுங்கள்.

எப்படித் தேய்ப்பது?

இடுப்பளவு முடிக்கு இரண்டு மூன்று டீஸ்பூன் போதும். காய்ந்த முடியை நாலு பாகமாகப் பிரித்து, காது மட்டத்திலிருந்து நுனி வரை கையால் நீவி விடுங்கள். கடைசியில் விரலில் மிஞ்சுவது தலைக்கு. அரை மணி நேரம் ஊறினால் சரி, ராத்திரி முழுக்க வைத்தாலும் தப்பில்லை. சூடு செய்ய வேண்டுமானால் கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் நேராகக் காய்ச்சினால் தலைத்தோல் வெந்துபோகும்.

அலசுவதற்குச் சீயக்காயும் அரப்பும் நல்லவைதான். இரண்டிலும் இயற்கையாக நுரைக்கும் சபோனின் இருக்கிறது. அரப்பு, உசில மரத்தின் இலைப்பொடி. உசிலம்பட்டிக்கே அந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்பார்கள். பொடி கரகரப்பாக இருந்தால் முடியை உரசும், எனவே நைசாகச் சலித்து, கரைத்து ஊற்றுங்கள். ஷாம்பு என்றால் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும், வழியும் நுரையே நுனியைச் சுத்தம் செய்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால்கூட முடியின் சொரசொரப்பில் வித்தியாசம் தெரியும்.

சிக்கெடுப்பது எப்போதும் நுனியிலிருந்து, அகலப் பல் சீப்பால். மேலிருந்து இழுத்தால் முடிச்சு கீழே போய் இறுகும்.

ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எண்ணெய் வடியும் தலையோடு ஷிப்டுக்குப் போனால் பஞ்சுத் தூசி முழுக்க முடியில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை லீவு நாளுக்கு முந்தின ராத்திரி வைத்துக்கொள்ளலாம். மற்ற நாளில் தலைத்துணி.

யாருக்கு எண்ணெய் ஆகாது?

பொடுகு இருப்பவர்களுக்கு. தலையில் வெள்ளை வெள்ளையாக உதிர்வதைப் பார்த்து 'வறட்சி, எண்ணெய் வை' என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது மலசேசியா என்ற பூஞ்சையின் வேலை. அந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு. அதிகம் எண்ணெய் வைத்தால் அது செழிக்கும். பொடுகு அடங்கும் வரை தலைத்தோலை விட்டுவிட்டு நுனிக்கு மட்டும் எண்ணெய் போதும். நெற்றியில் சின்னச் சின்னப் பரு வருபவர்களுக்கும் இதே கதைதான்.

கைக்குழந்தைகளுக்கு எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். வேப்பெண்ணெயை வெளியே பூசுவதோடு சரி. குழந்தைகளுக்கு அதை உள்ளே கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

கடையில் தேங்காய் எண்ணெய் இரண்டு விதமாக விற்கிறது. ஒன்று சமையல் எண்ணெய், இன்னொன்று ஹேர் ஆயில். சின்ன பாட்டில்களில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் எந்த வகை என்ற வரி வழக்கு பல வருஷம் நடந்தது. சேலம் கலால் துறை தொடர்ந்த வழக்கும் அதில் ஒன்று. பாட்டில் சின்னது என்பதாலேயே அதை ஹேர் ஆயில் என்று சொல்லிவிட முடியாது என 2024 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஹேர் ஆயிலுக்கு 18. 2025 செப்டம்பர் 22 முதல் ஹேர் ஆயிலும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

வரி ஒன்றானாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஹேர் ஆயில் என்ற பெயரில் வரும் பலவற்றில் மினரல் ஆயில்தான் முதல் சரக்கு. லேபிளில் 'லைட் லிக்விட் பாரஃபின்' என்று இருந்தால் அதுதான். அது விஷமல்ல, ஆனால் தேங்காய் எண்ணெய் செய்யும் வேலையைச் செய்யாது. சமையல் எண்ணெய் பாட்டிலில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். செக்கில் வாங்குபவர்கள் கொப்பரையைப் பார்த்து வாங்குங்கள். பளீரென்று வெளுத்து, கந்தக வாடை அடித்தால் புகை போட்ட சரக்கு.

'வழுக்கையில் முடி முளைக்கும்' என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலைக் கீழே வைத்துவிடலாம். வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணையே சொல்கிறது.

எண்ணெயால் தீராத முரட்டுத்தனம்

சின்ன வயதிலிருந்தே முடி முரடு என்றால் அது குடும்ப வாகு. ஆனால் ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள் முடி திடீரென வறண்டு, சொரசொரத்து, கூடவே உடம்பு கனத்து, குளிர் தாங்காமல், எப்போதும் அசதியாக இருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கலாம். கொத்துக் கொத்தாகக் கொட்டினால் ரத்தசோகை இருக்கலாம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். இந்த இரண்டுக்கும் எண்ணெயை மாற்றி மாற்றித் தேய்ப்பதில் மாதங்கள்தான் வீணாகும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. மருத்துவரிடம் முடி மாற்றத்தைச் சொல்லி, ஹீமோகுளோபினும் டிஎஸ்ஹெச்சும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.