கண்ணாடியும் எதிர்ப்பெஞ்சும்: நிழல்தாங்கல் கட்டட அமைப்பு குறித்து

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை ஒரே பார்வையில் சேவிக்க முடியாது. 22 அடி நீளத்துக்கு மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கும் திருமேனியை மூன்று வாசல்கள் வழியே பகுதி பகுதியாகத்தான் காண வேண்டும். பிரகாரத்திலிருந்து ஒற்றைக்கல் மண்டபம் வரை, உள்ளே போகப்போக ஆள் குறையும் அமைப்பு அது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை, ஊரில் பெரும்பகுதியினருக்கு அந்த முதல் வாசலே கிடையாது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் அய்யா வைகுண்டர் (1809–1851) வழியினரின் வழிபாட்டிடமான நிழல்தாங்கலைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கல்லையும் சிற்பத்தையும் எண்ணிப் பழகிய நம் கட்டடக்கலை வரலாறு, தாங்கலை ‘எளிய கட்டடம்’ என்ற ஒரு சொல்லில் கடந்துவிடும். அந்த எளிமை வறுமையால் மட்டும் வந்ததல்ல. கருவறையின் இடத்தில் இருக்கும் பள்ளியறையில் சிலை இல்லை. விளக்கும் நிலைக்கண்ணாடியும் இருக்கின்றன. வணங்க வந்தவர் அங்கே காண்பது தம் உருவத்தை. மூன்று வாசலில் பிரிந்த பார்வை இங்கே பார்ப்பவரிடமே திரும்பி வருகிறது.

இதற்கு ஒப்பு தேடினால் கோயிலைவிட இங்கிலாந்தின் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபடக் கூடும் கூட்ட இல்லம்தான் பொருந்துகிறது. 1675இல் எழுந்த பிரிக்ஃபிளாட்ஸ் இல்லம் வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு பூசிய குடியானவர் வீடு. பலிபீடமில்லை, உருவமில்லை, கோபுரமில்லை. மாடிப்படியின் அடியில் ஆடு மேய்ப்பவர்களின் நாய்களுக்கு ஓர் அடைப்பு உண்டு. (எந்தக் கோயில் சிற்பி இதற்கு இடம் ஒதுக்கியிருப்பார்?) இத்தகைய கூட்டங்களைச் சட்டம் அனுமதித்தது 1689இல்தான், அந்த வீடு அதற்கு முன்பே நிற்கிறது. உள்ளே பெஞ்சுகள் ஒன்றையொன்று நோக்கியிருக்கும். மௌனமாக அமர்ந்தவருக்குக் கண்ணெதிரே இருப்பது சக மனிதரின் முகம்.

ஒப்புமை இங்கே முடிந்துவிடவில்லை. ஜார்ஜ் ஃபாக்ஸ் வழிவந்த குவேக்கர்கள் நீதிபதியின் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தவர்கள். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகையோடு வழிபடச் சொன்னவர் வைகுண்டர். ஆண்கள் இன்றும் அப்படியே தாங்கலுக்குள் நுழைகிறார்கள். தலையை மறைப்பது பணிவா நிமிர்வா என்பதைக் கட்டடத்தின் வாசல்தான் தீர்மானிக்கிறது.

வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. குவேக்கர் இல்லத்துக்குத் திசை கிடையாது. ஆனால் மூத்தோருக்கென்று உயர்த்திய எதிர்ப்பெஞ்சு ஒன்று பல இடங்களில் உண்டு. முற்றிலும் சமதளம் அங்கும் இல்லை. தாங்கலுக்கோ பள்ளியறை என்றொரு மையம் இருக்கிறது. கருவறையின் சட்டகத்தை அது உடைக்கவில்லை, உள்ளிருப்பதை மாற்றியது. எட்டிப் பார்க்கவே விடாத ஊரில் கருவறையை ஒழிப்பதைவிட அதைத் தமதாக்கிக்கொள்வதே பெரிய மீறல் என்று நான் வாசிக்கிறேன்.

பல தாங்கல்கள் இன்று காங்கிரீட் கூரையும் கோபுர முகப்பும் கொண்டு நிற்கின்றன. வெளித்தோற்றத்தில் கோயிலை நெருங்கிவிட்ட அவற்றிலும், உள்ளே கண்ணாடி இருந்த இடத்தில் இருக்கிறது.