ஊருக்கு வெளியே போன சாலை

பெரம்பலூர்க்காரர்களில் என் வயதை ஒத்தவர்களுக்கு மூன்று மெட்ராஸ் தெரியும். முதலில் பாரிமுனையில் போய் இறங்கினோம். ஐகோர்ட்டும் பெரிய தபாலாபீசும் அங்கிருந்து நடந்து போகிற தூரம். 2002 நவம்பரில் பஸ் ஸ்டாண்டு கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்கே போய்விட்டது. இப்போது சென்னைக்குப் போகிறவர், சென்னையை அடைய இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. திருச்சியும் அதே வழியில்தான். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். வடக்கேயிருந்து போகும் நமக்கு அது ஊரைத் தாண்டித் தெற்கே இருக்கிறது.

நெரிசல் என்று காரணம் சொல்கிறார்கள். உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சாலையையும் பஸ் ஸ்டாண்டையும் ஆபீசுகளையும் வெளியே கொண்டுபோகும்போது, உள்ளே இருந்த ஊருக்கு என்ன கொடுத்தோம் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை. நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கணக்கு பலமுறை விடுபட்டிருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். தகப்பனாருக்கு அங்கே வேலை. தமிழ் அம்மா வீட்டில் கற்றுக்கொடுத்தது. துய்ப்ளெக்ஸ் காலத்துச் சண்டைகளை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அதில் 'வோல்கொண்டா' என்று ஓர் ஊர் வரும். அது ஏதோ கோல்கொண்டா பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பெரம்பலூர் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது நம்முடைய வாலிகண்டபுரம் என்று தெரிந்தது! 1751இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலிக்காக ஆங்கிலேயர் மறுபக்கம். கோட்டைத் தலைவர் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே நாளைக் கடத்தினாராம். கடைசியில் ஆங்கிலப் படை தோற்று, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது.

எதற்காக அந்த இடத்தில் சண்டை? திருச்சிக்குப் போகும் பாதை அது. ரஞ்சன்குடிக் கோட்டை அங்கே இருப்பதும் அதனால்தான். இன்றைக்கு நான்கு வழிச்சாலையில் காரில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகக் கோட்டையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறார்கள். படைகள் முகாமிட்ட வாலிகண்டபுரம் இப்போது ஒரு கிராமம். பெரிய சிவன் கோயில் ஒன்றுதான் பழைய அளவைச் சொல்கிறது. ஆட்சி, சந்தை, ஆபீஸ் எல்லாம் பெரம்பலூருக்கு வந்து சேர்ந்தன.

இதைவிடப் பெரிய கதை அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கங்கைகொண்டசோழபுரம் ராஜேந்திர சோழன் காலத்திலிருந்து சோழர் முடியும் வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், தலைநகரம். பிறகு அதுவும் கிராமமாயிற்று. அது காலத்தின் போக்கு என்று விட்டுவிடலாம். 1836இல் நடந்ததை அப்படி விட முடியாது. கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் தேவைப்பட்டது. கோயிலின் மதிலை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர்ச் சனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. எடுத்த கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்ததாகவும், அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்றும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ஒரு குறிப்பு சொல்கிறது.

அணை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கீழணையால் பாயும் வயல்கள் எத்தனை! ஆனால் அந்தச் செங்கல் மதில் என் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அதே மாதிரி வாக்குறுதிகளைக் கோப்புகளில் நானே பார்த்திருக்கிறேன்.

ரயில் வந்தபோது விழுப்புரம் திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாகப் போயிற்று, பெரம்பலூருக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயில் நிலையம் இல்லாத ஊர் நம்முடையது. (அரியலூர் என்றதும் 1956 நவம்பர் விபத்தும், லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். அதைத் தனியாக எழுத வேண்டும்.) ரயில் இல்லாததால் பெரம்பலூருக்குச் சாலைதான் உயிர்நாடி. அந்தச் சாலை ஊருக்குள் வந்தால் கடைவீதிக்கு வியாபாரம், வெளியே போனால் வெளியே வியாபாரம்.

1995இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டத் தலைநகரானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மறுபடி நம்மோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் இந்த வருடங்களில் பதிவேடுகளை மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தோம். புது மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஆபீஸ், கோர்ட்டு, குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஊருக்குள் அவ்வளவு பெரிய புறம்போக்கு ஏது? பாலக்கரை, துறைமங்கலம் என்று ஆபீசுகள் போயின. பின்னாலேயே ஜெராக்ஸ் கடை, டீக்கடை, பத்திரம் எழுதுவோர், வக்கீல் அறைகள். பிறகு மனைப்பிரிவுகள். கம்பங்கொல்லையாக நான் பார்த்த இடங்களில் இப்போது மாடி வீடுகள்.

அடுத்து நான்கு வழிச்சாலை. நாம் என்.எச். 45 என்று சொல்லிப் பழகியது, இப்போது 38. நில எடுப்புப் பிரிவில் நான் சில வருடம் இருந்தேன், அதனால் அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்ல முடியும். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956. அதில் 3ஏ என்பது நிலம் எடுக்க உத்தேசம் என்ற அறிவிப்பு. 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். 3டி அறிவிப்பு வந்ததும் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். பிறகு 3ஜி, இழப்பீடு. நிலம் எத்தனை ஏர்ஸ், கிணறு உண்டா, தென்னை எத்தனை, புளியமரம் எத்தனை, கட்டடம் ஓடா தளமா என்று எல்லாவற்றையும் எழுதுவோம். நிலத்தை எடுப்பதால் அதன் சொந்தக்காரருக்கு மற்ற சொத்திலோ வருமானத்திலோ சேதம் என்றால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்ல சட்டம்தான்.

ஆனால் விசாரணை நாட்களில், பட்டியலில் பெயரே இல்லாத சிலரும் வந்து வாசலில் நிற்பார்கள். பழைய ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், பஞ்சர் ஒட்டுகிறவர், பூக்கடைக்கார அம்மாள். ஒருவர் கேட்டது இன்னும் ஞாபகமிருக்கிறது. "சார், என் கடையை எடுக்கலை, சரி. என் கடைக்கு முன்னாடி நிக்கிற பஸ்ஸை எடுக்கிறீங்களே, அதுக்கு எந்தப் பாரத்துல எழுதிக் கொடுக்கணும்?" எங்களிடம் அதற்குப் பாரம் இல்லை. அவர் நிலம் போகவில்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் அவருக்கு நஷ்டமும் இல்லை. சாலை போகும் ஊரில் நிலம் இழந்தவருக்குப் பணம், சாலையோரம் மனை வாங்கி வைத்தவருக்கு யோகம், நடு ஊரில் வாடகைக்குக் கடை வைத்திருந்தவருக்கு ஒன்றும் கிடையாது.

புறவழி வந்தபின் கைவிடப்படும் பழைய துண்டுச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ நகராட்சிக்கோ கைமாறும். கொடுக்குமுன் ஒருமுறை தார் போட்டுத் தருவது வழக்கம். அதோடு சரி. சாக்கடை, நடைபாதை, தெருவிளக்கு எல்லாம் இனி நகராட்சி பாடு. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் நகராட்சியின் மக்கள்தொகை 50,000க்குச் சற்றுக் குறைவு, அரியலூர் 29,000க்குச் சற்றுக் குறைவு. இந்த அளவு ஊர்களின் சொத்து வரியில் எவ்வளவு செய்ய முடியும் என்று கணக்கு தெரிந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம். நெடுஞ்சாலைப் பணம் நெடுஞ்சாலைக்கு மட்டும்தான். திருமாந்துறை டோல்கேட்டில் வசூலாகும் காசில் ஒரு ரூபாய்கூட மதனகோபாலசாமி கோயில் தெருவின் சாக்கடைக்கு வர வழி கிடையாது.

சாலையால் நன்மை இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குள் லாரியும் பஸ்ஸும் நெருக்கியடித்த காலத்தில் எத்தனை விபத்து! திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோவதற்குள் வழியிலேயே முடிந்துபோன கதைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை வந்ததற்கு அந்தச் சாலை ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். அரியலூர்க்காரர்களைக் கேளுங்கள், சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊருக்குள் வருவது எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். லாரியை வெளியே அனுப்பத்தான் வேண்டும். நான் கேட்பது, லாரியோடு சேர்த்து எல்லாவற்றையும் ஏன் அனுப்பினோம் என்பதுதான். இரவில் சில தூரத்து பஸ்கள் ஊருக்குள் வராமல் நான்கு ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகின்றன. அந்த நேரத்தில் பெட்டியும் பையுமாக நிற்கும் வயதான தம்பதிக்கு ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம்.

படிப்பின் பழக்கத்தால் பிரெஞ்சுப் பத்திரிகைகளை இணையத்தில் இன்றும் புரட்டுவதுண்டு. அங்கேயும் இதே கதை நடந்திருக்கிறது. 1963இல் பாரிசுக்கு வெளியே சேன்ட் ஜெனெவியேவ் தே புவா என்ற ஊரில் கார்ஃபூர் கம்பெனி முதல் பெருங்கடையைத் திறந்தது. கார் நிறுத்த விசாலமான இடம், ஒரே கூரையின் கீழ் எல்லாச் சாமானும். பிறகு ஊருக்கு ஊர் புறவழிச்சாலை ஓரம் அப்படிக் கடைகள் முளைத்தன. நடு ஊரில் ரொட்டிக் கடையும் கறிக் கடையும் மூடின. அரை நூற்றாண்டு கழித்து அரசு விழித்துக்கொண்டு, 2018இல் 222 நடுத்தர ஊர்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மையப் பகுதிக்கு ஐந்து ஆண்டில் 500 கோடி யூரோ என்று திட்டம் போட்டது. 'ஊரின் இதயம்' என்ற பொருளில் அதற்குப் பெயர். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது, மூடிய கடைகளைத் திறக்க வைப்பது, மையப் பகுதியில் மக்கள் மறுபடி குடியேற வழி செய்வது. தலைநகரங்களுக்கு இல்லாமல், நம் பெரம்பலூர், அரியலூர் போன்ற தரத்து ஊர்களுக்கென்றே போட்ட திட்டம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

புதுச்சேரி இன்னொரு விதம். பழைய நகரைச் சுற்றி வரும் 'புல்வார்' சாலைகளை அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல் கோட்டை அரணைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. புதுவையிலும் பழைய அரண் இருந்த வட்டத்தில்தான் அந்தச் சாலைகள் அமைந்தன. அந்த வட்டத்துக்குள் மார்க்கெட், கோயில், சர்ச், மசூதி, ஆபீஸ், வீடு எல்லாம் அப்படியே இருந்தன. இன்றும் சட்டசபை அங்கேதான், கவர்னர் மாளிகையும் வெகுகாலம் அங்கேதான். நெரிசல் உண்டு, ஆனால் ஊர் வெறிச்சோடவில்லை. ஆட்சி வெளியே போகவில்லை என்பது அதற்கு ஒரு காரணம் என்பேன்.

நம் ஊரில் செய்யக்கூடியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓர் அரசு ஆபீஸ் பழைய கட்டடத்தைக் காலி செய்யும் கோப்பிலேயே, அந்தக் கட்டடத்துக்கு அடுத்து யார் வருவார்கள் என்று எழுத வேண்டும். நூலகமோ, இ-சேவை மையமோ, முதியோர் மருத்துவப் பிரிவோ, ஏதோ ஒன்று. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்கள் விடியற்காலையும் இரவும் ஒழுங்காக வந்துபோக வேண்டும். நான்கு ரோட்டிலும் துறைமங்கலத்திலும் இறங்குகிறவரைக் கடைவீதியில் கொண்டுவிட ஒரு சிற்றுந்து வேண்டும். புறவழிச் சாலைக்கு மதிப்பீடு போடும்போதே, உள்ளே கைவிடப்படும் சாலையின் சாக்கடைக்கும் நடைபாதைக்கும் ஒரு தொகையைச் சேர்த்துப் போட வேண்டும், சாலை திறக்கும் நாளில் அந்த வேலையும் முடிந்திருக்க வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது கங்கைகொண்டசோழபுரத்துச் செங்கல் மதில் மாதிரிதான்.

அரியலூரில் கோதண்டராமசாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னும் கடைகள் நடக்கின்றன, குடித்தனங்களும் இருக்கின்றன. பெரம்பலூர் கடைவீதியிலும் அப்படித்தான், கீழே கடை, மேலே வீடு. சில மாடிகள் மட்டும் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் துறைமங்கலம் பக்கம் மனை வாங்கிப் போய்விட்டார்கள், பெரியவர்கள் கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது, தெருவிளக்கு எது எரிவதில்லை என்று வார்டு வாரியாகப் பட்டியல் எடுத்தால், நகராட்சிக்கு அடுத்த நிதியாண்டுக்கான வேலை அதிலேயே இருக்கிறது. உங்கள் தெருவைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். மனுவாகத் தயாரித்து உரிய படிவத்தில் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அது எனக்குப் பழகிய தொழில்.