தவறிய ஒரு குறியும் கேளாத ஓர் எச்சரிக்கையும்

ஹஜ், உம்ரா, கல்வி, பிழைப்பு என நம் குடும்பங்களிலிருந்து விமானம் ஏறாத வீடு அரிது. குடியேற்ற அதிகாரி நம் பெயரைக் கண்டு சற்றே தயங்கினாலும் உள்ளம் துணுக்குறுகிறது. அந்தத் தயக்கத்திற்குப் பின்னால் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தினர். அக்காலத்தில் நான்கு அங்குலத்திற்குக் குறைவான கத்தியை விமானத்தில் கொண்டுசெல்லத் தடை இருக்கவில்லை. குடியேற்றத் துறையின் நிலையோ அதனினும் மோசம். கடத்தல்காரர் இருவருக்கு மாணவர் தகுதி வழங்கப்பட்டதை உறுதிசெய்யும் கடிதங்கள், அவர்கள் மாண்டு ஆறு மாதங்கள் கழிந்தபின், 2002 மார்ச்சில் ஃபுளோரிடா விமானப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன.

இத்தகைய ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. ஆனால், 2002-இல் தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டம் 25 நாடுகளைச் சேர்ந்த 16 வயது நிரம்பிய ஆண்களை அழைத்து, கைரேகை எடுத்து விசாரித்தது. அந்நாடுகளுள் வடகொரியா நீங்கலாக ஏனையவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளே. 80,000-க்கும் மேற்பட்டோர் தாமே முன்வந்து பதிவு செய்தனர். அவர்களுள் 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கியது. 2011-இல் நிறுத்தப்பட்ட இத்திட்டத்தின் விதிகள் 2016 டிசம்பரில் அறவே நீக்கப்பட்டன.

இக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை நாம் அருகருகே வைத்து நோக்க வேண்டும்.

முதலாவது, மலேசியச் சகோதரி ரஹீனா இப்ராஹீமுக்கு நேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்துவந்த அவர், 2005 ஜனவரியில் தம் மகளுடன் தாயகம் செல்ல சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திற்கு வந்தார். சக்கர நாற்காலியில் இருந்த அவருக்குக் கைவிலங்கு பூட்டினர். பின்னர் அவரது விசாவும் ரத்தாயிற்று. காரணம் என்ன? எந்தெந்தப் பட்டியல்களில் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்பதைக் குறிக்குமாறு ஒரு படிவம் கேட்டிருந்தது. அதிகாரி அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு குறியிட்டுவிட்டார். தம் பிழையை அவரே 2013-இல், வழக்கின்போதுதான் அறிந்தார். 2014-இல் நீதிமன்றம் அச்சகோதரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு பிழையை ஒப்புக்கொள்ளச் செய்ய ஒன்பது ஆண்டுகள்!

இரண்டாவது, நைஜீரியாவில் ஒரு தந்தைக்கு நேர்ந்தது. தம் மகன் தீவிரவாதத்தின்பால் சாய்வதைக் கண்டு அஞ்சிய அவர், 2009 நவம்பரில் அபுஜாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திற்குத் தாமே சென்று எச்சரித்தார். ஆயினும் மகனின் பெயர் பயணத் தடைப் பட்டியலில் ஏறவில்லை. பெயரை எழுத்துப் பிழையோடு பதிந்ததால், அவனிடம் விசா இருப்பதும் முதலில் தெரியவில்லை. டிசம்பர் 25 அன்று அவன் வெடிபொருளை உள்ளாடையில் மறைத்து ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஏறினான். வெடிபொருள் முறையாக வெடிக்காததால், அல்லாஹ்வின் அருளால், பயணிகள் உயிர் தப்பினர்.

குற்றமற்ற பெண்மணி பட்டியலில் ஏறினார்; குற்றம் புரியச் சென்றவன் விமானத்தில் ஏறினான். இரண்டிற்கும் மூலம் ஒன்றே: விசாரித்துத் தெளியாமை. கிடைத்த செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்றும் எச்சரிக்கிறது. பெயரைக் கொண்டு ஐயுறுவது பாதுகாப்பும் ஆகாது, நீதியும் ஆகாது.

இராமேசுவரத்தின் மைந்தர் அப்துல் கலாம் அவர்களையே 2011-இல் நியூயார்க் விமான நிலையத்தில் சோதித்தனர். அமெரிக்க அரசு பின்னர் வருத்தம் தெரிவித்தது. அவருக்காக வருந்த ஓர் அரசு இருந்தது. எளியோருக்கு யார்?

ஆகவே நாம் செய்யக்கூடியதைச் செய்வோம். கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். அமெரிக்கப் பயணத்தில் மீண்டும் மீண்டும் தடுக்கப்படுவோர், அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2007 முதல் நடத்திவரும் குறைதீர்ப்பு முறையில் விண்ணப்பிக்கலாம். பொறுமையும் உரிமை கோரலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அச்சகோதரியின் ஒன்பது ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கின்றன.