மாடியில் சோலார் இருந்தும் கரன்ட் போனா ஃபேன் ஓடாதது ஏன்? பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பது எப்படி?

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் எனச் சென்னையின் தெற்குப் புறநகரில் மொட்டை மாடி சோலார் பேனல்கள் இப்போது சாதாரணக் காட்சி. ஆனால் மழைக்காலத்தில் கரன்ட் போனதும் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "மேல இவ்ளோ பேனல் இருக்கு, கீழ ஏன் ஃபேன் ஓடல?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் உள்ளிட்ட பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளில் சோலார் கைகொடுக்கும் என்று நம்பி பணம் போடுபவர்கள், அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் மின்சாரச் சேமிப்பு.

சோலார் ஏன் தானாக நின்றுவிடுகிறது?

வீடுகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது 'ஆன்-கிரிட்' சோலார். அதாவது, மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்குவது. இதில் பேட்டரி கிடையாது. தெருவில் கரன்ட் நின்றால், சோலார் இன்வெர்ட்டரும் சில நொடிகளுக்குள் தானாக நின்றுவிடும்.

இது பழுது அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பி அறுந்த இடத்தில் லைன்மேன் வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு வீட்டு மாடியில் இருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இந்த விதி.

அப்போ பகலில் மிஞ்சும் கரன்ட் எங்கே போகிறது?

மின்வாரியக் கம்பிக்குப் போகிறது. பகலில் வீட்டில் இருந்து எத்தனை யூனிட் வெளியே போனது, இரவில் எத்தனை யூனிட் உள்ளே வந்தது என்பதை இரு வழி மீட்டர் பதிவு செய்யும். இரண்டையும் கழித்து, இரண்டு மாத பில் போடப்படும்.

பில்லைப் பார்த்தால், பகலில் கொடுத்ததை இரவில் திரும்ப வாங்கியது போலத் தெரியும். ஆனால் இது கணக்கில் மட்டும் நடக்கும் சேமிப்பு. மதியம் கொடுத்த யூனிட்டை அந்த நொடியே பக்கத்துத் தெருவில் யாரோ பயன்படுத்தியிருப்பார்கள். இரவு 8 மணிக்கு ஏசி போடும்போது வருவது வேறு எங்கோ அனல்மின் நிலையத்திலோ, காற்றாலையிலோ தயாரான மின்சாரம்.

தமிழ்நாட்டுக்கும் இதே சிக்கல்தான்

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. சோலார் மதியம் உச்சத்தில் இருக்கும்; மாலை 6 மணிக்கு மேல் பூஜ்ஜியம். அந்த நேரத்தில்தான் வீடுகளில் லைட், ஏசி, மிக்ஸி எல்லாம் ஓடத் தொடங்கும். காற்றாலைக்கோ மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன்.

காற்று எப்போது, எவ்வளவு வரும் என்று கணிக்கும் பணியைப் பள்ளிக்கரணையில், வேளச்சேரி - தாம்பரம் சாலையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம் செய்கிறது. ஆனால் கணித்தால் மட்டும் போதாது. மிஞ்சும்போது பிடித்து வைக்கவும் வேண்டும்.

பிடித்து வைக்காவிட்டால் என்ன ஆகும்? இலங்கை ஓர் உதாரணம். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையால் அங்கே மின்தேவை குறைந்தது. மின்சாரம் அளவுக்கு மீறி மிஞ்சினால் கிரிட் நிலைகுலையும் என்பதால், கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

வழி 1: தண்ணீரை மேலே ஏற்றுவது

இதில் தமிழ்நாடு புதிதல்ல. கோவை மாவட்டம் ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று புனல் மின்நிலையம் 1980-களின் இறுதியில் இருந்து இயங்குகிறது. திறன் 400 மெகாவாட்.

வேலை செய்யும் விதம் எளிது. மின்சாரம் மிஞ்சும்போது, கீழே உள்ள மேல் ஆழியாறு அணையில் இருந்து தண்ணீரை மேலே உள்ள காடம்பாறை அணைக்கு பம்ப் செய்வார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். 4 யூனிட் செலவழித்தால் சுமார் 3 யூனிட் திரும்பக் கிடைக்கும். 1 யூனிட் நஷ்டம்தான். ஆனால் வீணாகப் போக இருந்த 4 யூனிட்டில் 3 மிச்சம் என்றும் பார்க்கலாம்.

நீலகிரியில் போர்த்திமந்து, அவலாஞ்சி - எமரால்டு அணைகளைக் கொண்டு 500 மெகாவாட் குந்தா திட்டமும் கையில் எடுக்கப்பட்டுள்ளது. மலை, இரண்டு அணைகள், நீண்ட சுரங்கம் எல்லாம் தேவைப்படுவதால் இத்தகைய திட்டங்கள் முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

வழி 2: பெரிய பேட்டரிகள்

பேட்டரிக்கு மலை வேண்டாம். கன்டெய்னர் போன்ற பெட்டிகளில் அடுக்கி, துணை மின்நிலைய வளாகத்திலேயே வைத்துவிடலாம். தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் 2025-ல் 500 மெகாவாட் / 1,000 மெகாவாட்-மணி பேட்டரி சேமிப்புக்கு டெண்டர் விட்டது. 500 மெகாவாட் வீதம் 2 மணி நேரம் கொடுக்க முடியும் என்பது இதன் பொருள். யூனிட் கணக்கில் 10 லட்சம்.

செலவில் ஒரு பகுதியை ஈடுகட்ட மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒரு நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. டெல்லியில் கிலோக்ரி துணை மின்நிலையத்தில் 20 மெகாவாட் / 40 மெகாவாட்-மணி பேட்டரி 2025-ல் செயல்பாட்டுக்கு வந்தது. நெருக்கடியான குடியிருப்புப் பகுதியிலும் இது சாத்தியம் என்பதால், தாம்பரம் போன்ற இடங்களுக்கு இந்த மாதிரி பொருந்தும்.

வீட்டுக்கு என்ன செய்யலாம்?

மின்தடையிலும் சோலார் ஓட வேண்டுமென்றால், பேட்டரியோடு கூடிய 'ஹைபிரிட்' இன்வெர்ட்டர் தேவை. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு ரூ.78,000 வரை மானியம் உண்டு. ஆனால் அது சோலாரின் கிலோவாட் கணக்கில் தருவது. பேட்டரிச் செலவைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

எவ்வளவு தாங்கும்? ஒரு சின்ன கணக்கு:

• 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். இழப்பு போக, கையில் கிடைப்பது சுமார் 1.3 யூனிட்.
• 3 சாதாரண ஃபேன், 4 எல்.இ.டி. லைட்: சுமார் 5 மணி நேரம்.
• அதே 3 ஃபேனும் பி.எல்.டி.சி. வகையாக இருந்தால்: சுமார் 10 மணி நேரம்.
• 1.5 டன் ஏசி: ஒரு மணி நேரம்கூட தாங்காது.

பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் ஃபேனை மாற்றுவது லாபம் என்பது இதில் இருந்தே தெரியும்.

ஏற்கெனவே வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்?

அது எப்போதும்போல ஓடும். ஆனால் ஆன்-கிரிட் சோலார் அதோடு இணைந்தது அல்ல. கரன்ட் இல்லாத நேரத்தில் அந்த பேட்டரி சோலாரில் சார்ஜ் ஆகாது. இரண்டாவது நாளும் கரன்ட் வராவிட்டால், மாடியில் வெயில் அடித்தாலும் வீடு இருட்டுதான்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

"கரன்ட் போனா இது ஓடுமா, எந்தெந்த பாயின்ட் ஓடும்?" என்று சோலார் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லெட்-ஆசிட் பேட்டரி விலை குறைவு. ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் விலை அதிகம். ஆனால் நீண்ட காலம் உழைக்கும்.

வெள்ளம் வரும் தெருவென்றால் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். முதல் மாடியில், மழைச்சாரல் படாத, காற்றோட்டமான இடமே சரி. கரன்ட் போகும் நாளும் தண்ணீர் ஏறும் நாளும் இந்தப் பகுதியில் பெரும்பாலும் ஒரே நாள்தான்.